பிரதான தூதர்கள் யார்? வேதாகமத்தை வைத்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

‘ஏழு பிரதான தூதர்கள்’ என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். பெயர்ப்பட்டியல் உடனே வந்து நிற்கும். ஒவ்வொரு தூதருக்கும் ஒரு நிறம், ஒரு கிழமை, சில தளங்களில் ஒரு ராசிக்கல்கூட இருக்கும். அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் திறந்தால் பாதிப் பெயர்களைக் காணோம். இருக்கிற பெயர்களிலும் ஒருவருக்கு மட்டும்தான் ‘பிரதான தூதன்’ என்ற பட்டம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

அதற்காக மற்றதெல்லாம் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் முடியாது. சில பெயர்கள் கிறிஸ்துவுக்கு முந்தைய யூத நூல்களிலேயே இருக்கின்றன. சில, திருச்சபையின் ஒரு பிரிவுக்கு வேதம், இன்னொரு பிரிவுக்கு வேதம் அல்லாத நூல்களில் வருகின்றன. வேறு சில வெகு பின்னால் ஒட்டிக்கொண்டவை. எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே நாம் செய்யப்போகிற வேலை.

பெயர்களைப் பழைய திருப்புதலில் (புராட்டஸ்டண்டு சபைகளில் வழங்கும் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) உள்ளபடி மிகாவேல், காபிரியேல் என்றே எழுதுகிறேன். கத்தோலிக்கர் இவர்களையே மிக்கேல், கபிரியேல் என்பார்கள். பிரதான தூதனை அதிதூதர் அல்லது தலைமை வானதூதர் என்பார்கள். பழைய ஜெபப் புத்தகம் வைத்திருக்கிற வீடுகளில் தூதருக்குச் ‘சம்மனசு’ என்ற சொல்லும் இன்னும் புழங்குகிறது.

படி 1: எழுதியிருப்பதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்

விளக்கவுரை எதையும் தொடுவதற்கு முன்னால், ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் ஒத்தவாக்கிய அகராதியை எடுங்கள். பிரதான தூதன் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது: 1 தெசலோனிக்கேயர் 4:16, யூதா 9. இரண்டிலும் ஒருமைதான். ‘பிரதான தூதர்கள்’ என்ற பன்மை எங்கும் இல்லை. பழைய ஏற்பாட்டில் இந்தப் பட்டமே கிடையாது. பெயரோடு சேர்த்துச் சொல்வது யூதா மட்டும். அவர் சொல்லும் பெயர் மிகாவேல்.

அடுத்து, பெயர் சொல்லப்பட்ட தூதர்களை எழுதுங்கள். மிகாவேல் வருவது தானியேல் 10:13, 10:21, 12:1, யூதா 9, வெளிப்படுத்தல் 12:7 ஆகிய இடங்களில். காபிரியேல் வருவது தானியேல் 8:16, 9:21, லூக்கா 1:19, 1:26 ஆகிய இடங்களில். புராட்டஸ்டண்டு வேதாகமத்தின் 66 புத்தகங்களில் பரலோகத் தூதர்களின் பெயர் இந்த இரண்டுதான். (வெளிப்படுத்தல் 9:11-ல் அபெத்தோன், அப்பொல்லியோன் என்ற பெயர்களோடு பாதாளத்தின் தூதன் ஒருவன் வருகிறான். அவன் கதை வேறு.)

தாளில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி வசனம் நேரடியாகச் சொல்வதற்கு. இரண்டாவது, வசனங்களைச் சேர்த்து நாம் ஊகிப்பதற்கு. மூன்றாவது, பின்னால் வந்த மரபுக்கு. இந்த விஷயத்தில் நடக்கிற வாக்குவாதங்களில் பெரும்பாலானவை மூன்றாம் பத்தியில் இருக்கவேண்டியதை முதல் பத்தியில் எழுதியதால் வந்தவை.

பழைய திருப்புதலை மட்டும் வாசிக்கிறவர்கள் ஓரிடத்தில் கவனமாக இருக்கவேண்டும். தானியேல் 10:13-ல் மிகாவேலைப் ‘பிரதான அதிபதிகளில் ஒருவன்’ என்று வாசிக்கிறோம். யூதாவில் ‘பிரதான தூதன்’ என்று வாசிக்கிறோம். தமிழில் இரண்டும் ஒரே பட்டம் போலக் காதில் விழும். தானியேல் எபிரெய மொழியில் அதிபதி என்கிறார், யூதா கிரேக்கத்தில் தலைமைத் தூதன் என்கிறார். இரண்டையும் இணைப்பது நியாயமே. ஆனால் அது இரண்டாம் பத்திக்குரிய வேலை.

படி 2: உங்கள் கையில் இருப்பது எந்த வேதாகமம்?

இதைத் தீர்த்துக்கொள்ளாமல் ‘எத்தனை பிரதான தூதர்கள்?’ என்று விவாதிப்பது வீண். கத்தோலிக்க வேதாகமத்தில் 73 புத்தகங்கள். அதில் தோபித்து நூல் உண்டு, அதனால் இரபேலும் உண்டு. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் தோபித்தை ஏற்கின்றன. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹிதோ சபையின் வேதாகமம் இன்னும் பெரியது. பழைய யூத நூலான ஏனோக்கின் முதல் புத்தகம் அங்கே வேதம். ஆகவே தூதர்களின் பெயர்ப்பட்டியலும் அவர்களுக்கு வேதத்துக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஒரே கேள்விக்கு ஒருவர் ‘ஒன்று’ என்பார், ஒருவர் ‘மூன்று’ என்பார், ஒருவர் ‘ஏழு’ என்பார். அவரவர் புத்தகத்தை வைத்துப் பார்த்தால் மூவருமே ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

படி 3: தானியேலிலிருந்து தொடங்குங்கள்

பலரும் வெளிப்படுத்தல் 12-ல் தொடங்குகிறார்கள். நான் தானியேலில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் வேதாகமத்தில் தூதர்களுக்குப் பெயர் வருவதே அங்கேதான். அதற்கு முன்னால் அவர்கள் பெயரைச் சொல்வதில்லை, கேட்டாலும் மறுக்கிறார்கள். யாக்கோபு கேட்டபோது பதில் கிடைக்கவில்லை (ஆதியாகமம் 32:29). சிம்சோனின் தகப்பன் மனோவா கேட்டபோது, ‘அது அதிசயம்’ என்று சொல்லித் தூதன் முடித்துவிடுகிறார் (நியாயாதிபதிகள் 13:18). தூதர்களின் பெயர்கள் பாபிலோனிலிருந்து திரும்பியவர்களோடு வந்தவை என்று, யூத ரபிமாரின் போதனைத் தொகுப்பான எருசலேம் தல்மூதில் ரபி சிமியோன் பென் லாகிஷ் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. யூத ஆசிரியர்களே இந்த மாற்றத்தைக் கவனித்திருக்கிறார்கள்.

தானியேல் 10-ஐ மெதுவாக வாசியுங்கள். பெர்சிய ராஜா கோரேஸின் மூன்றாம் வருஷம். தானியேல் மூன்று வாரம் துக்கித்திருக்கிறார். சணல் உடை தரித்த ஒருவரை இதெக்கேல் நதிக்கரையில் காண்கிறார். பெர்சியாவின் அதிபதி 21 நாள் தன்னை எதிர்த்து நின்றதாகவும் மிகாவேல் உதவிக்கு வந்ததாகவும் தானியேலிடம் சொல்லப்படுகிறது. கிரேக்கு தேசத்தின் அதிபதியைப் பற்றியும் பேச்சு வருகிறது. ஆக, இங்கே ‘அதிபதி’ என்பது ஒரு தேசத்துக்குப் பொறுப்பாக நிற்கிற பரலோக ஆளைக் குறிக்கிறது. பெர்சியாவுக்கு ஒருவர், கிரேக்கு தேசத்துக்கு ஒருவர், இஸ்ரவேலுக்கு மிகாவேல். 10:21 அவரை ‘உங்கள் அதிபதி’ என்கிறது. 12:1 ‘உன் ஜனத்தின் புத்திரருக்காக நிற்கிற பெரிய அதிபதி’ என்கிறது.

இந்தப் பின்னணி உபாகமம் 32:8-ல் இருக்கிறது. நம் கையிலுள்ள தமிழ் வேதாகமத்தில், உன்னதமானவர் ஜனங்களின் எல்லைகளை இஸ்ரவேல் புத்திரரின் தொகைக்குத் தக்கபடி வகுத்தார் என்று இருக்கும். சாக்கடல் கரையிலுள்ள கும்ரானில் கிடைத்த பழைய சுருள் ஒன்றில் அந்த இடத்தில் ‘தேவ புத்திரர்’ என்று இருக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து ‘தேவதூதர்’ என்கிறது. அந்தப் பாடத்தின்படி வாசித்தால், ஒவ்வொரு ஜனத்துக்கும் ஒரு பரலோக அதிபதி என்ற எண்ணம் தானியேலுக்கு எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

இந்தப் பகுதியில் இரண்டு விஷயங்களை நழுவவிடாதீர்கள். ஒன்று, மிகாவேல் பிரதான அதிபதிகளில் ‘ஒருவன்’. அதாவது அவரைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று வசனமே ஒப்புக்கொள்கிறது, பெயரைத்தான் தரவில்லை. ‘பட்டம் ஒருவருக்குத்தான் இருக்கிறது, ஆகவே பிரதான தூதன் ஒருவரே’ என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்த வசனத்துக்குப் பதில் சொல்லியாகவேண்டும். இரண்டு, சணல் உடைக்காரருக்கு 10-ஆம் அதிகாரத்தில் பெயரே இல்லை. 8, 9-ஆம் அதிகாரங்களில் காபிரியேல் வந்ததால் இவரும் காபிரியேல்தான் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அவருடைய தோற்றம் வெளிப்படுத்தல் 1-ல் யோவான் கண்ட கிறிஸ்துவின் தோற்றத்தோடு பெரிதும் ஒத்துப்போவதால் அவர் கிறிஸ்துவே என்பவர்களும் உண்டு. அப்படியானால் பெர்சியாவின் அதிபதி அவரை 21 நாள் தடுத்தது எப்படி என்ற கேள்வி வரும். அதைச் சமாளிக்கச் சிலர் அந்த அதிகாரத்தில் இரண்டு பேர் பேசுவதாகப் பிரிக்கிறார்கள். நான் அவரைப் பெயரில்லாதவராகவே எழுதிவைக்கிறேன்.

படி 4: யூதா 9-ஐ அதன் வாதத்துக்குள் வைத்து வாசியுங்கள்

மோசேயின் சரீரத்தைக்குறித்துப் பிசாசோடு தர்க்கித்தபோது மிகாவேல் அவனைத் தூஷணமாய்க் குற்றப்படுத்தத் துணியாமல், ‘கர்த்தர் உன்னைக் கடிந்துகொள்வாராக’ என்று மட்டும் சொன்னான் என்கிறார் யூதா. வாசிக்கிறவருக்கு உடனே தோன்றும் கேள்வி: இது பழைய ஏற்பாட்டில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. உபாகமம் 34:6, மோசேயின் கல்லறை ஒருவருக்கும் தெரியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

யூதா இதை ‘மோசேயின் பரமேறுதல்’ என்ற நூலிலிருந்து எடுத்ததாக 3-ஆம் நூற்றாண்டில் திருச்சபை அறிஞர் ஓரிகன் எழுதினார். மிலான் நகரின் அம்புரோசிய நூலகத்தில் இருந்த ஒரு லத்தீன் கையெழுத்துப் பிரதியை 1861-ல் செரியானி என்ற அறிஞர் வெளியிட்டார். அது அந்த நூல்தான், அல்லது அதற்கு நெருங்கிய ஒன்று என்று கருதப்படுகிறது. நம் துரதிர்ஷ்டம், அந்தப் பிரதிக்குக் கடைசிப் பகுதி இல்லை. தர்க்கம் நடந்த காட்சி அதில் கிடைக்கவில்லை.

மிகாவேல் சொன்ன வார்த்தை மட்டும் நமக்குப் பழக்கமானது. சகரியா 3:2-ல் பிரதான ஆசாரியனாகிய யோசுவாவைச் சாத்தான் குற்றம்சாட்ட நிற்கும்போது அதே வார்த்தை வருகிறது. இனி யூதாவின் நிருபத்தில் முன்னும் பின்னும் பாருங்கள். மகத்துவமுள்ளவர்களைத் தூஷிக்கிற சில கள்ளப்போதகர்களைப் பற்றி அவர் பேசிக்கொண்டிருக்கிறார். ‘இவ்வளவு பெரிய தூதனே பிசாசைத் தானாகத் திட்டவில்லை, நீங்கள் யார்?’ என்பதுதான் வாதம். 2 பேதுரு 2:11 இதே கருத்தைப் பெயர் சொல்லாமல் சொல்கிறது. மிகாவேல் அதிகாரத்தில் உயர்ந்தவர் என்பதும், அந்த அதிகாரம் அவருடைய சொந்தம் அல்ல என்பதும் இரண்டுமே இந்த வாதத்துக்குத் தேவை. ஒன்றை எடுத்துவிட்டால் வாதமே நிற்காது.

படி 5: வெளிப்படுத்தல் 12-ல் காலத்தைக் கவனியுங்கள்

‘மிகாவேலும் அவனைச் சேர்ந்த தூதர்களும்’ வலுசர்ப்பத்தோடு யுத்தம் செய்கிறார்கள். தூதர்களுக்குத் தலைவராக அவர் நிற்பதை நேரடியாகக் காட்டும் இடம் இது ஒன்றுதான். யூதா பட்டத்தைத் தருகிறார், யோவான் படையைக் காட்டுகிறார். சிருஷ்டிப்புக்கு முன்னால் நடந்த கலகம் என்று பிரசங்கங்களில் இதைச் சொல்வது வழக்கம். அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. ஸ்திரீ ஆண்பிள்ளையைப் பெற்று, பிள்ளை தேவனிடத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகுதான் யுத்தம் வருகிறது. 11-ஆம் வசனம் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தால் ஜெயித்தார்கள் என்கிறது. யுத்தம் சிலுவையோடு சேர்ந்தது என்று வாசிக்க நல்ல காரணம் இருக்கிறது.

படி 6: 1 தெசலோனிக்கேயர் 4:16, ‘மிகாவேலே கிறிஸ்துவா?’ என்ற கேள்வி

கர்த்தர் தாமே ‘ஆரவாரத்தோடும், பிரதான தூதனுடைய சத்தத்தோடும், தேவ எக்காளத்தோடும்’ இறங்கிவருவார் என்று பவுல் எழுதுகிறார். தூதனுக்குப் பெயர் இல்லை. கிரேக்கத்தில், ‘அந்தப் பிரதான தூதன்’ என்று சுட்டிக்காட்டும் சுட்டும் இல்லை.

யெகோவாவின் சாட்சிகள் இந்த வசனத்தைத்தான் முதலில் திறப்பார்கள். கர்த்தர் பிரதான தூதனின் சத்தத்தோடு வருகிறார். மரித்தோர் தேவகுமாரனுடைய சத்தத்தைக் கேட்டு எழும்புவார்கள் என்று யோவான் 5:25 சொல்கிறது. ஆகவே இயேசுவே அந்தத் தூதன், அவரே மிகாவேல் என்பது அவர்களுடைய வாதம். குமாரன் படைக்கப்பட்டவர் என்பதும் அவர்களுடைய போதனை. ஏழாம் நாள் அட்வெந்து சபையாரும் மிகாவேல் கிறிஸ்துவே என்பார்கள், ஆனால் அடிப்படை முற்றிலும் வேறு: கிறிஸ்து படைக்கப்படாத தேவன், மிகாவேல் என்பது தூதர்களின் தலைவராக அவருக்குள்ள பெயர் என்பது அவர்கள் நிலை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது அநியாயம்.

இந்த எண்ணம் இவர்களோடு தொடங்கியதும் அல்ல. ஜான் கால்வின் 16-ஆம் நூற்றாண்டில் தானியேல் 12:1-ன் மிகாவேலைக் கிறிஸ்துவாக எடுத்துக்கொண்டார். 18-ஆம் நூற்றாண்டின் பாப்திஸ்து விளக்கவுரையாளர் ஜான் கில்லும் அப்படியே. இன்னும் பின்னால் போனால், இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவ அறிஞர் ஃபிலோ, தேவனுடைய வார்த்தையாகிய லோகோஸைப் பிரதான தூதன் என்றே அழைத்திருக்கிறார். ஆகவே ‘இது நேற்று முளைத்த புரட்டு’ என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் கொஞ்சம் வரலாறு வாசிக்கலாம்.

இருந்தாலும் வசனங்களை நிறுத்துப் பார்த்தால் எனக்கு இது ஒத்துவரவில்லை. முதலாவது, வசனத்தின் அமைப்பு. பிரதான தூதனின் சத்தத்தோடு வருவதால் அவர் பிரதான தூதன் ஆகிறார் என்றால், அதே கணக்கில் தேவ எக்காளத்தோடு வருவதால் அவர் தேவன் என்றும் சொல்லவேண்டும். யெகோவாவின் சாட்சிகள் அதை ஏற்கமாட்டார்கள். மூன்றும் அவருடைய வருகையோடு வருகிறவை என்று வாசிப்பதே எளிது. இரண்டாவது, தானியேல் 10:13-ன் ‘ஒருவன்’ என்ற சொல். கிறிஸ்துவைத் தனக்குச் சமமான பலரில் ஒருவராகச் சொல்வது இடிக்கிறது. மூன்றாவது, யூதா 9: பிசாசைத் தூஷிக்கத் துணியாத மிகாவேலுக்கும், ‘அப்பாலே போ சாத்தானே’ என்று தாமே துரத்தின இயேசுவுக்கும் பேச்சிலேயே வித்தியாசம் தெரிகிறது. நான்காவது, எபிரெயர் முதல் அதிகாரம். நீர் என்னுடைய குமாரன் என்று தூதர்களில் யாருக்காவது சொன்னதுண்டா என்று அது கேட்கிறது. 2:5-ல் இனிவரும் உலகத்தைத் தூதர்களுக்குக் கீழ்ப்படுத்தவில்லை என்கிறது. கடைசி வாதம் யெகோவாவின் சாட்சிகளுக்கு எதிராக வலுவானது. கால்வினுக்கோ அட்வெந்து சபையாருக்கோ எதிராக அவ்வளவு வலுவில்லை, ஏனென்றால் அவர்கள் கிறிஸ்துவைப் படைக்கப்பட்ட தூதனாக்கவில்லை. அவர்களோடு பேசும்போது முதல் மூன்றை எடுங்கள்.

படி 7: காபிரியேலுக்குப் பட்டம் உண்டா?

கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் தயங்காமல் ‘உண்டு’ என்பார்கள். வசனத்தில் இல்லை. தானியேல் அவரைப் புருஷன் என்கிறார், லூக்கா தூதன் என்கிறார். ஆனால் லூக்கா 1:19-ல் சகரியாவிடம் அவரே சொல்வது முக்கியம்: ‘நான் தேவசந்நிதானத்தில் நிற்கிற காபிரியேல் என்பவன்.’ வெளிப்படுத்தல் 8:2-ல் தேவனுக்கு முன்பாக நிற்கிற ஏழு தூதர்கள் வருகிறார்கள். தோபித்து 12:15-ல் இரபேலும் தன்னை ஆண்டவரின் மாட்சிமைக்கு முன் நிற்கும் ஏழு வானதூதர்களில் ஒருவராகச் சொல்கிறார். நிற்கும் இடத்தை வைத்து மூன்று வசனங்களும் இணைகின்றன. காபிரியேல் அந்த ஏழில் ஒருவர் என்பது நல்ல ஊகம், இரண்டாம் பத்தியில் தைரியமாக எழுதலாம். முதல் பத்திக்கு ஏற்றவேண்டாம்.

மிகாவேல் எங்கே வந்தாலும் சண்டை அல்லது பாதுகாப்பு. காபிரியேல் எங்கே வந்தாலும் செய்தி, விளக்கம். பெயரைவிட இந்த வேலைப் பிரிவுதான் வேதத்தில் தெளிவாக இருக்கிறது. கடைசி நாளின் எக்காளத்தைக் காபிரியேல் ஊதுவார் என்று நாம் கேள்விப்பட்டது எந்த வசனத்திலும் இல்லை.

படி 8: இரபேல், ஊரியேல், ஏழில் மற்றவர்கள்

தோபித்து நூலில் இரபேல் அசரியா என்ற உறவினன் வேஷத்தில் தோபியாவோடு வழித்துணையாகப் போகிறார். சாராவை அசுமோதேயு என்ற பேயிடமிருந்து விடுவிக்கவும், தோபித்தின் கண்பார்வையைத் திருப்பித்தரவும் அனுப்பப்பட்டவர் என்று கடைசியில்தான் தெரியவருகிறது. இந்நூலின் அரமேய, எபிரெயத் துண்டுகள் கும்ரானில் கிடைத்திருக்கின்றன; இயேசுவின் காலத்துக்கு முன்பே யூதர்கள் வாசித்த கதை இது. பெதஸ்தா குளத்தைக் கலக்கிய தூதன் இரபேல்தான் என்ற வழக்கமும் உண்டு. அந்தத் தூதன் வருகிற யோவான் 5:4 மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. இருக்கிற பிரதிகளிலும் பெயர் இல்லை.

ஏழு பெயர்களும் ஒன்றாகக் கிடைப்பது ஏனோக்கின் முதல் புத்தகம் 20-ஆம் அதிகாரத்தில்: ஊரியேல், இரபேல், ரகுவேல், மிகாவேல், சாரியேல், காபிரியேல், ரெமியேல். ஒவ்வொருவருக்கும் பொறுப்பு உண்டு. ஊரியேலுக்குப் பாதாளம், காபிரியேலுக்குப் பரதீசும் கேருபீன்களும், ரெமியேலுக்கு உயிர்த்தெழுவோர். ஏழாவது பெயரான ரெமியேல் இதன் கிரேக்கப் பிரதியில்தான் இருக்கிறது; பிரதான தூதர்கள் என்ற பன்மையும் அதில் வருகிறது. கும்ரானின் யுத்தச் சுருளில் கேடயங்களில் எழுதவேண்டிய பெயர்களாக நான்கு பேர்: மிகாவேல், காபிரியேல், சாரியேல், இரபேல். நான்காவது இடத்துக்கு ஊரியேலா சாரியேலா என்று நூலுக்கு நூல் மாறுகிறது. எஸ்றாவின் நான்காம் புத்தகம் எனப்படும் நூலில் எஸ்றாவோடு பேசுகிறவர் ஊரியேல். ஆனால் அதே நூலின் 4:36 பிரதான தூதன் என்ற பட்டத்தை எரெமியேலுக்குக் கொடுக்கிறது.

யூதா 14-15 ஏனோக்கை மேற்கோள் காட்டுவதால் ஏனோக்கின் பட்டியலும் வேதம்தானே என்று கேட்பார்கள். பவுல் தீத்து 1:12-ல் கிரேத்தா தீவுத் தீர்க்கதரிசி ஒருவரை மேற்கோள் காட்டுகிறார். அந்தக் கவிஞரின் பாட்டெல்லாம் வேதமாகிவிடவில்லை. முதல் நூற்றாண்டு விசுவாசிகளுக்கு ஏனோக்கு பழக்கமானது, மதிக்கப்பட்டது என்பதற்கு அந்த மேற்கோள் சாட்சி. யூதாவின் வாசகர்கள் ‘பிரதான தூதன்’ என்று கேட்டபோது இந்தப் பெயர்களில் சில அவர்கள் மனதில் ஓடியிருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

படி 9: சேராதவர்களை வெளியே எடுங்கள்

லூசிபர் ஒரு பிரதான தூதன், பாடகர் குழுத் தலைவன் என்று ஞாயிறு பள்ளியிலேயே சொல்லித்தருகிறார்கள். ஏசாயா 14:12 பாபிலோன் ராஜாவைப் பற்றிய பாட்டில் ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே’ என்கிறது. லத்தீன் வேதாகமம் விடிவெள்ளியை லூசிபர் என்று எழுதியது. எசேக்கியேல் 28 தீரு ராஜாவைக் கேருப் என்கிறது. இவற்றுக்குள் சாத்தானின் விழுகையைச் சபைப் பிதாக்கள் கண்டார்கள், அது பழைய மரபு. இரண்டு இடத்திலும் பிரதான தூதன் என்ற சொல் இல்லை. ஏசாயா 6-ன் சேராபீன்களையும் எசேக்கியேலின் கேருபீன்களையும் வேதம் தூதர்கள் என்றே அழைப்பதில்லை.

ஒன்பது அணிகள் என்ற வரிசையும் பின்னால் வந்ததுதான். கிட்டத்தட்ட கி.பி. 500-ல் தியொனீசியு என்ற புனைபெயரில் எழுதியவர் தூதர்களை மூன்று மூன்றாக ஒன்பது அணிகளாக்கினார். அதில் பிரதான தூதர்கள் கீழிருந்து இரண்டாவது இடத்தில் இருக்கிறார்கள்! பரலோகச் சேனையை நடத்துகிற மிகாவேல் எட்டாவது அணியில் எப்படி என்று மத்தியகால இறையியலாளர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். வசனத்தை அட்டவணைக்குள் திணித்தால் வரும் சங்கடம் இது.

படி 10: புதுப் பெயர் வந்தால் விசாரியுங்கள்

ஜோபியேல், சாட்கியேல் போன்ற பெயர்களோடு செய்தி வந்தால் கேட்கவேண்டியவை மூன்று. எந்த நூல்? எந்தக் காலம்? அதை எந்தச் சபை வேதமாக ஏற்கிறது? பெரும்பாலும் மூன்றாவது கேள்வி வரை போகத் தேவையிருக்காது.

திருச்சபைக்கு இந்தத் தலைவலி புதிதல்ல. 745-ல் ரோமில் போப் சக்கரியா கூட்டிய சங்கம், ஊரியேல், ரகுவேல், துபுவேல் என்று தூதர்களைப் பெயர் சொல்லி அழைத்து ஜெபம் எழுதிய அல்தெபெர்த் என்பவரைக் கண்டித்து, மிக்கேல், கபிரியேல், இரபேல் ஆகிய மூன்று பெயர்களே நமக்குத் தெரியும் என்று அறிவித்தது. வத்திக்கான் 2001-ல் வெளியிட்ட மக்கள் பக்தி முயற்சிகளுக்கான வழிகாட்டி ஏடும் இந்த மூன்றைத் தவிரத் தூதர்களுக்குப் பெயர் சூட்டும் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்கிறது. அந்த மூவருக்கும் 1969 நாட்காட்டிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு செப்டம்பர் 29-ல் ஒரே திருநாள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் நவம்பர் 8.

பக்தி எல்லை மீறுவதைப் பற்றிய எச்சரிக்கை வேதத்திலேயே இருக்கிறது. கொலோசெயர் 2:18 தூதர்களுக்குச் செய்யும் ஆராதனையைக் கண்டிக்கிறது. வெளிப்படுத்தல் 22:8-9-ல் யோவான் வணங்க விழும்போது தூதனே தடுக்கிறார். கொலோசே இருந்த பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். 4-ஆம் நூற்றாண்டு லவோதிக்கேயா சங்கம் தன் 35-ஆம் விதியில் தூதர்களை அழைத்துக் கூடும் கூட்டங்களைத் தடைசெய்தது. அடுத்த நூற்றாண்டில் தியொதொரேத்து என்ற ஆயர், அந்தப் பக்கங்களில் மிகாவேலுக்கு ஜெபக்கூடங்கள் இன்னும் இருப்பதாக எழுதினார். பிற்பாடு கொலோசேக்கு அருகில் எழுந்த கோனே என்ற ஊர் மிகாவேலின் புகழ்பெற்ற யாத்திரைத் தலமாகவே ஆகிவிட்டது.

படி 11: யோசுவா 5-ல் செய்து பாருங்கள்

எரிகோவுக்கு அருகில் உருவின பட்டயத்தோடு நிற்கிற ஒருவர் தன்னைக் கர்த்தருடைய சேனையின் அதிபதி என்கிறார் (யோசுவா 5:13-15). இவர் மிகாவேலா?

முதல் பத்தியில் என்ன எழுதலாம்? பெயர் இல்லை. சேனைத் தலைமை உண்டு. யோசுவா முகங்குப்புற விழுந்து பணிகிறார், அவர் தடுக்கவில்லை. பாதரட்சையைக் கழற்றச் சொல்கிறார், எரிகிற முட்செடியண்டை மோசேயிடம் சொன்னது போல.

இரண்டாம் பத்தி இரண்டு பக்கமும் இழுக்கும். சேனைத் தலைமையைப் பிடித்துக்கொண்டால் வெளிப்படுத்தல் 12-ன் மிகாவேலிடம் போகலாம். பணிவை ஏற்றதையும் பரிசுத்த பூமியையும் பிடித்துக்கொண்டால் தூதனைவிட மேலான ஒருவரிடம் போகவேண்டும். வெளிப்படுத்தல் 22-ன் தூதன் மறுத்ததை இவர் மறுக்கவில்லையே.

மூன்றாம் பத்தியிலும் அதே பிளவு. 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் மார்ட்டர் இவரைக் கிறிஸ்துவாக வாசித்தார். ஆர்த்தடாக்ஸ் சபைகளோ மிகாவேலின் திருநாள் மாலை ஆராதனையில் இந்தப் பகுதியை வாசிக்கின்றன. செப்துவஜிந்து இங்கே சேனைத் தலைவனுக்கு எழுதிய ‘அர்க்கிஸ்திராதேகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லே அங்கே மிகாவேலின் நிரந்தரப் பட்டமாகிவிட்டது.

என் எடைபோடலில் பணிவும் பரிசுத்த பூமியும் சேனைப் பட்டத்தைவிடக் கனமானவை. ஆகவே மிகாவேல் என்று எழுதமாட்டேன். ஜஸ்டினின் வாசிப்பு எனக்கு நெருக்கமானது, ஆனாலும் அதை இரண்டாம் பத்தியில்தான் வைப்பேன். உங்கள் குழுவில் இதைச் செய்யும்போது முதல் பத்தியை எல்லோரும் தனித்தனியாக எழுதி முடித்த பிறகு தாள்களை ஒப்பிடுங்கள். அதுவரை யாரும் விளக்கவுரையைத் திறக்கவேண்டாம், பாஸ்டர் உட்பட.